அப்பாவின் ரிவால்வருக்கு நான் போட்ட பாலிஷ்

2025 ஏப்ரலில் லைசென்ஸ் புதுப்பிப்பதற்காக ரிவால்வரைக் காட்டப் போயிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் லைசென்ஸ் புத்தகத்தை ஒரு கையில் விரித்து வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ரிவால்வரை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "நம்பர் எங்க சார்?" என்றார். நான் சாவகாசமாக, "வலது பக்கம் ஃப்ரேமுல இருக்கும் சார்" என்று சொல்லி வாங்கிப் பார்த்தேன். ஐந்து இலக்கத்தில் முதல் இரண்டு தெரிந்தது, கடைசி ஒன்று தெரிந்தது. நடுவில் இருந்த இரண்டும் கோவில் கல்வெட்டில் எண்ணெய் ஏறி மழுங்கிப்போன எழுத்து மாதிரி, இருக்கிறது என்று நினைத்தால் இருந்தது, இல்லை என்றால் இல்லை. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அன்றைக்குத் தொடங்கிய அலைச்சல் ஐந்து மாதம் ஓடியது. அறுபதாயிரத்துக்கு மேல் செலவு. எல்லாவற்றுக்கும் காரணம், துருப் பிடித்த துப்பாக்கியைப் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று நான் ஆசைப்பட்டதுதான்.

நம் பக்கம் ரிவால்வர் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். அவர்களும் அதை வெளியில் பேச மாட்டார்கள், பேசவும் கூடாதுதான். அதனால் எந்தப் பூச்சு எவ்வளவு நாள் தாங்கும், எது நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஆகும் என்று கேட்க ஒரு ஆள் கிடைப்பதில்லை. வீடியோவில் பார்த்தால் எல்லாம் அமெரிக்காக்காரன், பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வேறு வாங்கிக்கொள்கிறவன். நமக்குச் சட்டப்படி மொத்தமே இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம், 2019 திருத்தத்துக்கு முன்னால் மூன்று. அதில் அப்பா விட்டுப்போன ஒன்று கெட்டுப்போனால் அது கெட்டுப்போனதுதான். நான் பட்டதை வரிசையாகச் சொல்கிறேன், தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பூ வியாபாரம். மதுரை மாட்டுத்தாவணியில் கமிஷன் கடை. வீடு திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால்தான் கடை திறக்க முடியும், கையில் விவசாயிகளுக்குப் பட்டுவாடா பண்ண வேண்டிய பணம் இருக்கும். ஒருமுறை வழிமறித்து அடித்துப் பிடுங்கிய பிறகுதான் அவர் லைசென்ஸ் வாங்கினார். இங்கிலாந்தில் செய்த பழைய .32 ரிவால்வர், சின்னது, ஆறு தோட்டா. எண்பதுகளின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த மாதிரிச் சாமானுக்கு யானை விலை வந்துவிட்டது என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார். எழுபது வயது ஆனவரோ, இருபத்தைந்து வருஷம் துப்பாக்கி வைத்திருந்தவரோ உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்றிக்கொடுக்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. அதன்படி 2017-ல் என் பெயருக்கு வந்தது. இது தெரியாமல், பெரியவர் போன பிறகு துப்பாக்கியை ஸ்டேஷனில் போட்டுவிட்டு அலைகிறவர்கள் நிறையப் பேர், அதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அப்பா கையில் நாற்பது வருஷம் இருந்தும் அது கன்னங்கரேலென்று, சாய்த்துப் பிடித்தால் மயில் கழுத்து மாதிரி லேசாக நீலம் ஓடும். இதைத்தான் ப்ளூயிங் என்கிறார்கள். பெயிண்ட் கிடையாது. இரும்பின் மேல்தோலையே காரக்குளியலில் கொதிக்க வைத்தோ, பக்குவமாகத் துருப்பிடிக்க விட்டோ கறுப்பு ஆக்சைடாக மாற்றுவது. துருவும் இரும்பு ஆக்சைடுதான், இதுவும் இரும்பு ஆக்சைடுதான், ஒன்று உதிரும், ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கும், அவ்வளவு வித்தியாசம். கனம் என்று பார்த்தால் மைக்ரான் கணக்குதான், தலைமுடியில் பல பங்கு மெல்லியது. அதனால் அது தானாக எதையும் தடுக்காது, தன் மேல் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த எண்ணெய்தான் காப்பாற்றும். அப்பா வெள்ளிக்கிழமை தவறாமல் தினத்தாளை விரித்து, பழைய பனியன் துணியில் தையல் மிஷின் எண்ணெயைத் தொட்டுத் துடைப்பார். எனக்கு அது அவருடைய வெள்ளிக்கிழமைச் சம்பிரதாயம் என்றுதான் பட்டது, விளக்கேற்றுவது மாதிரி. அதுதான் பூச்சே என்று எனக்கு அப்போது தெரியாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அப்பா அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். நான் இடுப்பில் வைத்தேன். வேட்டிக்கு மேலே கட்டுகிற பச்சை பெல்ட், அதில் தோல் உறை, மேலே சட்டை. பூக்கடையில் தரை எப்போதும் ஈரம், சாக்கு ஈரம், ஐஸ் பெட்டி ஈரம், அதோடு நம்முடைய வியர்வை. முதல் கத்திரி வெயிலிலேயே என் வயிற்றுப் பக்கம் படும் பாதி மட்டும் பழுப்பாகிவிட்டது, வெளிப்பக்கம் அப்படியே கறுப்பு. அதே மாதிரி வைத்திருக்கும் ஒரு நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆளுக்கு ஆள் வியர்வை வேறு. சிலர் இடுப்பில் வெள்ளி அரைஞாண் ஒரே மாதத்தில் கறுத்துப்போகும், சிலருக்கு வருஷக்கணக்கில் பளிச்சென்று கிடக்கும், அந்த மாதிரி. உங்கள் இரும்பு வாட்ச் சங்கிலியும் பெல்ட் கொக்கியும் சீக்கிரம் துருப்பிடிக்கிற உடம்பு என்றால் ப்ளூயிங் போட்ட துப்பாக்கியை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வதை மறந்துவிடுங்கள். இதைச் சோதிக்கப் பைசா செலவில்லை.

அப்புறம் ஆயுத பூஜை. வருஷாவருஷம் கடைத் தராசு, கல்லாப்பெட்டி, வேன் சாவி இவற்றோடு ரிவால்வரையும் தோட்டா இல்லாமல் வைத்து சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா அன்றைக்குச் சாயங்காலமே துடைத்து எடுத்துவிடுவார். 2023-ல் எனக்குக் கடையில் வேலை, மறுநாள் விஜயதசமி, அதற்கடுத்த நாள் முகூர்த்தப் பூ, நான்கு நாள் கழித்துத்தான் எடுத்தேன். எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவி அதன் பக்கத்தில் வைத்திருந்தார்கள், சாறு வழிந்து பேரல், அதாவது குழல் மேல் ஓடியிருந்தது. துடைத்தபோது அந்த ஓட்டத்தின் தடத்தில் கறுப்பே இல்லை, வெறும் இரும்பு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. புளி போட்டால் பித்தளைக் குத்துவிளக்கு எப்படி வெளுக்கிறதோ அதே கதை, அமிலம் பட்டால் ப்ளூயிங் கரைந்து போகும். சந்தனப் பொட்டு இருந்த இடத்தில் பொட்டளவுக்கு வட்டமாக ஒரு துரு. பார்க்கச் சாமி குறி மாதிரியே இருந்தது, சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இதெல்லாம் சின்னச் சின்னக் காயம். பெரிய அடி 2024 நாடாளுமன்றத் தேர்தலில் விழுந்தது. மார்ச் 16-ந் தேதி தேர்தல் அறிவித்தார்கள், லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி வழக்கம்போலத் தகவல் வந்தது. நமக்கு ஏப்ரல் 19-ல் ஓட்டு முடிந்தாலும் எண்ணிக்கை ஜூன் 4-ந் தேதிதான், அதுவரை துப்பாக்கி உள்ளேதான். நான் என்ன பண்ணினேன் என்றால், பத்திரமாக இருக்கட்டும் என்று, அன்று காலை கடையிலிருந்து வந்த கையோடு, இடுப்பிலிருந்து எடுத்த தோல் உறையோடு அப்படியே ஒரு பாலிதீன் கவரில் போட்டு, செல்லோ டேப் சுற்றி, மேலே பெயரும் நம்பரும் எழுதி ஒப்படைத்தேன். ஒப்படைத்த இடத்தின் மேல் ஒரு குறையும் இல்லை, கவர் நான் ஒட்டியது ஒட்டியபடி திரும்பி வந்தது. அதுதான் பிரச்சினையே. வியர்வையில் ஊறிய தோல், உள்ளே அடைபட்ட ஈரம், மேலே அக்னி நட்சத்திரம். பகலில் சூடு, ராத்திரி குளிர்ந்ததும் கவருக்குள் வேர்த்துக் கொட்டியிருக்கும். எண்பத்திரண்டு நாள். வீட்டுக்கு வந்து உறையிலிருந்து இழுத்தால் வர மறுத்தது. பிடித்து இழுத்தபோது சரசரவென்று ஒரு சத்தம், மடியில் செம்மண் தூள் மாதிரி கொட்டியது. உறையின் தையல் எங்கெங்கே ஓடியதோ அங்கெல்லாம் பேரலில் புள்ளி வைத்த கோடாகத் துரு. அப்பாவின் துப்பாக்கியை நான் ஏழு வருஷம்கூட ஒழுங்காக வைத்திருக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

தோல் உறை போட்டுக்கொண்டு போவதற்கு மட்டும்தான், வைத்துப் பூட்டுவதற்கு இல்லை. பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் தோலில் மிச்சம் இருக்கும், ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். தோல் பட்டையில் செருகி வைத்த தோட்டாக்களின் பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறுவதும் இதனால்தான். தேர்தலுக்கு ஒப்படைக்கும்போது நன்றாகத் துடைத்து, கையே படாமல் எண்ணெய்த் துணியால் பிடித்து, கொஞ்சம் தாராளமாகவே எண்ணெய் விட்டு, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, மருந்து டப்பாவில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து சேர்த்து ஒரு டப்பாவில் கொடுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், சமையல் எண்ணெய் எல்லாம் நாளாக ஆகப் பிசினாகி இறுகும், பின்னால் ட்ரிகரே இழுக்க வராது.

சரி, துருப்பிடித்துவிட்டது. அப்போதே மேலோட்டமாக எண்ணெய் போட்டு மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டு, குழி விழுந்தது விழுந்ததுதான் என்று விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் தெரிந்தவர்கள், "நிக்கல் போட்டுடு மாப்ள, எவர்சில்வர் மாதிரி ஆயுசுக்கும் கெடக்கும்" என்றார்கள். கீழவாசல் பக்கம் பாத்திரத்துக்கு முலாம் போடும் பட்டறைகள் நமக்குத் தெரியும்தானே, அங்கேயே கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நல்லவேளை கொடுக்கவில்லை. துப்பாக்கியைப் பழுது பார்க்கவே 1959 ஆயுதச் சட்டத்தில் தனி லைசென்ஸ் வேண்டும், அது இல்லாத கையில் ஒரு ராத்திரி விட்டுவிட்டு வந்தாலும் கொடுத்தவனும் வாங்கினவனும் சேர்ந்து மாட்டுவோம். அதனால் வெளியூரில் லைசென்ஸ் உள்ள ஒரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். பதினெட்டாயிரம் கேட்டார். குழிகள் வெளியே தெரியக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். இந்த ஒரு வார்த்தையைத்தான் பிற்பாடு ஐந்து மாதமும் நினைத்து நினைத்து நொந்துகொண்டேன். குழி தெரியக் கூடாது என்றால் என்ன அர்த்தம்? சுற்றியுள்ள இரும்பைக் குழியின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும் என்று அர்த்தம். முலாம் குழியை நிரப்பாது, அது ஈரச் சேலை மாதிரி அடியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். ஆகவே அவர் பஃப் சக்கரத்தில் வைத்து உருட்டி உருட்டித் தேய்த்தார். கூர் முனைகள் எல்லாம் சோப்புக் கட்டி மாதிரி உருண்டன. கம்பெனி முத்திரை, நம்பர், எல்லாவற்றின் ஆழமும் குறைந்தது. மிச்சத்தில் நிக்கல் போய் உட்கார்ந்தது.

ஆகஸ்டில் வந்தது. பார்க்க அப்படி ஒரு அழகு, நான் நம்பரைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் அதில் பார்த்தேன். ஒரே வாரத்தில் உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் படக்கென்று ஒடிந்தது. மதுரையில் எங்களுக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருக்கிறார், இந்தத் தொழிலில் தலை நரைத்தவர், அவரிடம் காட்டினேன். "ஸ்பிரிங்கையும் சேத்து முலாம் தொட்டியில போட்டிருக்காங்க தம்பி" என்றார். மின்சாரம் விட்டு முலாம் போடும்போது ஹைட்ரஜன் வாயு இரும்புக்குள் ஏறிவிடுமாம். கெட்டியாகப் பதம் வைத்த ஸ்பிரிங் மாதிரி உருப்படிகள் அதனால் அப்பளம் மாதிரி நொறுங்கும், போடுவதாக இருந்தால் உடனே மணிக்கணக்கில் சூடு காட்டி அந்த வாயுவை விரட்ட வேண்டும், அதைவிட ஸ்பிரிங்கையும் திருகாணியையும் கழற்றி வைத்துவிட்டு வெளி உடம்புக்கு மட்டும் போடுவது மேல் என்றார். தோட்டா போடுகிற உருளை, சிலிண்டர், அதுவும் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றியது, முலாமின் கனம் இடைவெளியைத் தின்றிருந்தது. அதைச் சரிபண்ண நாலாயிரத்து ஐந்நூறு.

பிப்ரவரியில் பேரல் வாயின் ஓரத்தில், உறைக்குள் நுழையும்போது முதலில் உரசுமே அந்த விளிம்பில், ஒரு கொப்புளம். நகத்தால் நெருடினேன், மீன் செதில் மாதிரி பெயர்ந்து வந்தது, அடியில் காவி நிறம். சிலிண்டரைச் சுற்றி ஆறு பள்ளங்கள் இருக்கும், சிலிண்டர் திரும்பி வந்து பூட்டிக்கொள்ளும் இடம், அந்தப் பள்ளங்களின் உதட்டிலும் பெயர ஆரம்பித்திருந்தது. எந்தப் பூச்சு போட்டாலும் ரிவால்வரில் முதலில் போகிற இடங்கள் இவைதான்: வாய் விளிம்பு, சிலிண்டரைச் சுற்றி உரசி விழும் வளையக் கோடு, ட்ரிகர் வளையத்தின் ஓரம். ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கியில் பூச்சு எப்படி உழைக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் நடு ஃப்ரேமைப் பார்க்காதீர்கள், இந்த மூன்றைப் பாருங்கள்.

ஏன் இப்படி என்று பெரியவரைக் கேட்டபோது அவர் வாளியைக் காட்டினார். துத்தநாகம் பூசின வாளியில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கல் அதற்கு நேர்மாறு. முழுசாக மூடியிருக்கிறவரை ராஜா, ஊசித் துவாரம் ஒன்று விழுந்தால் அந்தத் துவாரத்தில் இருக்கிற இரும்பைத்தான் முதலில் பலி கொடுக்கும், வெறும் இரும்பைவிட வேகமாக அடியிலேயே அரித்துக்கொண்டு போகும், மேலே பளபளப்பு இருப்பதால் நமக்குத் தெரியவும் தெரியாது. போதாக்குறைக்கு நான் குழல் சுத்தம் பண்ணுகிற அமோனியா கலந்த திரவத்தை அதன் மேலேயே விட்டுத் துடைத்திருந்தேன். சில பட்டறைகளில் நிக்கலுக்கு அடியில் செம்பு பூசுவார்கள், அமோனியா செம்பைக் கரைக்கும், ஊசித் துவாரத்தில் இறங்கினால் நிக்கலுக்குக் காலடியே இருக்காது. நிக்கல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அந்தத் திரவத்தின் டப்பாவில் அமோனியா என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறங்கள்.

இந்த நிலைமையில்தான் ஏப்ரலில் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனேன், முதலில் சொன்னது நடந்தது. ஆயுதச் சட்டம் 8-வது பிரிவு என்ன சொல்கிறது என்று அன்றைக்குத்தான் படித்தேன். துப்பாக்கியில் உள்ள பெயர், நம்பர், அடையாளக் குறி எதையும் அழிக்கக் கூடாது என்பது ஒரு பக்கம். அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அழித்தார் என்றே எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பாடு என்பது இன்னொரு பக்கம். அதாவது நான் பாலிஷ் போடக் கொடுத்தேன், அவர் தேய்த்துவிட்டார் என்று வாயால் சொல்வது செல்லாது. நான்கு நாள் தூக்கமில்லை. வக்கீலைப் பார்த்தேன். துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள டீலரிடம் வைப்பில் போட்டேன், மாதம் ஐந்நூறு. ரிப்பேர்காரர் கொடுத்த ரசீது என்னிடம் இருந்தது, ஆனால் அதில் "ரிவால்வர் 1, பாலிஷ்" என்று மட்டும் இருந்தது, நம்பர் இல்லை. ஒரு வரி எழுத எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

காப்பாற்றியது இரண்டு. ஒன்று, அப்பா. பீரோவில் அவருடைய பழைய லைசென்ஸ் புத்தகங்கள், வாங்கின பில், ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒப்படைத்த ரசீது, எல்லாம் ஒரு மஞ்சப்பையில் தேதி வாரியாக, எல்லாவற்றிலும் அதே ஐந்து இலக்கம். இரண்டு, கைப்பிடிக் கட்டைக்கு அடியில் இருந்த நம்பர். அந்தப் பெரியவர்தான் சொன்னார், "பழைய சாமான்ல ஒரு எடத்துல மட்டும் அடிச்சிருக்க மாட்டான், கட்டையைக் கழட்டிப் பாருங்க". டீலர் கடையில் வைத்துக் கழற்றியபோது, உள்ளே ஃப்ரேமில், பஃப் சக்கரம் போகாத இடத்தில், அப்பா கால எண்ணெய் அழுக்குக்கு நடுவே ஐந்து இலக்கமும் முழுசாக இருந்தது. வேப்பங்குச்சியில் அழுக்கை நெம்பி எடுத்தோம். அந்தக் கட்டைக்கு அடியில் மட்டும் பழைய ப்ளூயிங் அப்படியே மயில் கழுத்து நிறத்தில் இருந்ததையும் பார்த்தேன். அதன் பிறகும் விசாரணை, அறிக்கை, கையெழுத்து என்று செப்டம்பர் ஆகிவிட்டது, ஆனால் வழக்கு என்று ஆகாமல் தப்பித்தேன்.

ஆகவே, எந்த வேலைக்குக் கொடுத்தாலும் கொடுக்கும் முன் நம்பர் தெளிவாகத் தெரிய நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், ரசீதில் நம்பரையும் என்ன வேலை என்பதையும் எழுதி வாங்குங்கள், "எழுத்து இருக்கும் இடத்தில் சக்கரம் வைக்கக் கூடாது" என்று அதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். திரும்ப வாங்கும்போது முகத்தைப் பார்க்காமல் நம்பரைப் பாருங்கள்.

செலவுக் கணக்கு: பாலிஷ் பதினெட்டாயிரம், ஸ்பிரிங்கும் சிலிண்டரும் நாலாயிரத்து ஐந்நூறு, வக்கீல் வகையில் இருபத்திரண்டாயிரம், வைப்புக் கட்டணம் இரண்டாயிரத்து ஐந்நூறு, அப்புறம் நிக்கலை எடுத்து மறுபடி பண்ணினது பதினாறாயிரம். அறுபத்துமூவாயிரம். பெட்ரோலும் கடையைத் தம்பி பார்த்துக்கொண்ட நாட்களும் இதில் சேரவில்லை. அந்த ஐந்து மாதமும் வெறும் இடுப்போடுதான் விடியற்காலையில் மாட்டுத்தாவணி போய் வந்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது பட்டுவாடா பாதிக்கு மேல் ஜிபேயில் போகிறது, பையில் முன்போல் பணம் இல்லை.

மறுபடி என்ன பூச்சு போடுவது என்று இந்த முறை பொறுமையாகக் கேட்டேன். புதிதாக வாங்குகிறவராக இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நம் சீதோஷ்ணத்துக்கு முதல் தேர்வு. 1965-ல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 60 என்று சின்ன ரிவால்வரை முதன்முதலாக ஸ்டெயின்லெஸ்ஸில் செய்தது எடுபட்டதே உடம்போடு வைத்துக்கொள்கிறவர்களின் வியர்வைத் தொல்லையால்தான். பூச்சே இல்லை, அதனால் உரிய எதுவும் இல்லை, கீறல் விழுந்தால் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் ஒரே திசையில் மெல்ல இழுத்தால் போதும். ஆனால் துருவே பிடிக்காது என்று நம்பிவிடாதீர்கள். உப்பு உட்கார்ந்தால் அதிலும் புள்ளி விழும், அதிகமும் கைப்பிடிக் கட்டைக்கு அடியில், திருகாணித் தலையில். நம் நாட்டிலேயே 2014-ல் கான்பூர் ஆலையில் பெண்களுக்காக என்று கொண்டுவந்த நிர்பீக் டைட்டானியம் கலவை, அரைக் கிலோதான் எடை, .32, விலை அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். டைட்டானியத்துக்குத் துரு கிடையாது. அலுமினியக் கலவை ஃப்ரேம் உள்ளவை இடுப்புக்கு லேசாக இருக்கும், அதன் மேல்தோலை மின்சாரம் விட்டு ஆக்சைடாக்கும் அனோடைசிங் கெட்டியானதுதான், ஆனால் அது தேய்ந்த இடத்தில் மெத்தென்ற அலுமினியம், மறுபடி தேய்த்துச் சரிபண்ண முடியாது.

பழையதற்குப் பூசுவது என்றால், ஹார்ட் குரோம் உரசலுக்கு அசையாது, அரமே வழுக்கும், ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு, உப்பு இறங்க வழி உண்டு, தவிர அதுவும் மின் முலாம்தான், எனக்கு அந்தப் பக்கமே போக மனசில்லை. சூட்டில் இறுக்குகிற செராமிக் பெயிண்ட், செராகோட் என்கிறார்கள், வியர்வைக்குப் பிரமாதம், உறை உரசும் விளிம்பில் தேயும், கனம் இருப்பதால் என்னுடையது மாதிரி இடைவெளி குறைந்த பழைய ரிவால்வரின் உள்பாகங்களுக்கு ஆகாது. பாட்டிலில் வரும் கோல்டு ப்ளூ (cold blue, சூடு காட்டாமல் தடவுகிற ப்ளூயிங்) தொட்டு வைக்க மட்டும், பஸ் டிக்கெட்டில் மை மாதிரி, ஒரு மாத வியர்வைக்குப் போய்விடும்.

நான் கடைசியில் போட்டது பாஸ்பேட். ராணுவத் துப்பாக்கிகளில் இருக்குமே, மினுக்கே இல்லாத அந்தச் சாம்பல் கறுப்பு. பாஸ்பேட் குளியலில் இரும்பின் மேல் பொடிப்பொடியாகப் படிகம் வளரும், கருங்கல் தரை மாதிரிச் சொரசொரப்பு, எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சக்கரம் வைக்க வேண்டியதே இல்லை, குழி குழியாகவே இருக்கும். பெரியவர் நிக்கலை எடுத்துவிட்டு, எழுத்துள்ள இடத்தைத் தொடாமல், ஒரு வாரத்தில் கொடுத்தார். அழகு என்று சொல்ல முடியாது. உறையின் தையல் தடம் புள்ளிப் புள்ளியாகப் பேரலில் இன்னும் தெரிகிறது. தினமும் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றும் முன்னால் அதைத் துடைத்து எண்ணெய் தொட்டு வைக்கிறேன், இரண்டு நிமிஷம், துணியும் அப்பா வைத்திருந்த அதே டப்பாவில். போட்டு ஒரே ஒரு மழைக்காலம்தான் ஆகிறது என்பதால் இது இருபது வருஷம் உழைக்கும் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை, ஐப்பசி மழையில் புதுத் துரு ஒன்றும் வரவில்லை, அவ்வளவு.

திரும்பி வந்த ஒரு வாரத்தில் ஆயுத பூஜை. வீட்டில் அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்று, "ஏங்க, இதுக்கு எங்க வைக்கிறது?" என்று கேட்டாள். மர டப்பாவை மூடி அதன் மேல் காட்டினேன். டப்பாவின் மூடியில் மூன்று பொட்டு வைத்தாள், எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கல்லாப்பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள்.